கேள்விக்குறிக்குக் குறியீடு இல்லை

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பிய பிறகுதான் அவருடைய கோப்பு என்னிடம் வரும். மருத்துவர் எழுதியிருக்கும் நோய்களையும் செய்யப்பட்ட சிகிச்சைகளையும் படித்து, ஐசிடி எனப்படும் அனைத்துலக நோய்ப் பட்டியலின் குறியீடுகளாக மாற்றிப் பதிவதே என் பணி. நிமோனியா, மாரடைப்பு, இடுப்பு எலும்பு முறிவு, டெங்கு போன்றவற்றில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது. எப்போதாவது வரும் சில நோய்களோ கோப்பின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிவரியாகப் படிக்க வைத்துவிடும். அவற்றுள் ஒன்றான டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ், அதாவது குறுக்குத் தண்டுவட அழற்சி, எப்படிப் பதிவாகிறது, எங்கே பதிவாகாமல் போகிறது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் நான் படிக்கும் கோப்புகளைப் பற்றி வெளியே பேச எனக்கு உரிமை கிடையாது. இடையே வரும் குடும்பச் செய்தி என் உறவினருடையது. அவர்களுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியே எழுதுகிறேன்.

இந்த நோயில் தண்டுவடத்தின் ஒரு பகுதி வீங்கி அழற்சி அடைகிறது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதைவதால், அந்த இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை இறங்குவதும் உடலின் உணர்வு மேலேறுவதும் தடைப்படுகின்றன. கால்கள் தளர்கின்றன, தொடு உணர்வு ஒரு மட்டத்துக்குக் கீழே மங்குகிறது, சிறுநீர் வர மறுக்கிறது. மார்பையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை போட்டு இறுக்கியது போன்ற உணர்வும் பலருக்கு உண்டாகும். நம் வீடுகளில் அதை வாயுப் பிடிப்பு என்று முடிவுகட்டி, ஓமத் தண்ணீர் கொடுத்து, ஓரிரு நாளைப் போக்கிவிடுவார்கள். 1948இல் லண்டன் மருத்துவர் சுச்செட்-கே, நிமோனியாவைத் தொடர்ந்து கால்கள் செயலிழந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். பத்து முதல் பத்தொன்பது வயதுவரை ஓர் உச்சமும், முப்பதுகளில் இன்னோர் உச்சமுமாக இது வருகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 8 பேர் வரை என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. அறுபது லட்சம் பேர் வாழும் சிங்கப்பூருக்கு அதை அப்படியே பொருத்திப் பார்த்தாலும் ஆண்டுக்கு ஐம்பது பேரைத் தாண்டாது. அத்தனை அரிய நோயில் ஒரே ஒரு கோப்பு தவறான பெட்டியில் விழுந்தாலும் கணக்கு கண்ணுக்குத் தெரியும் அளவில் மாறிவிடும்.

சிங்கப்பூர் மருத்துவமனைகள் 2012 முதல் ஐசிடி-10இன் ஆஸ்திரேலிய வடிவத்தைப் பின்பற்றுகின்றன. அதற்கு முன்பு ஐசிடி-9 நடைமுறையில் இருந்தது. பத்தாம் பதிப்பில் இந்த நோய்க்குரிய இடம் ஜி37.3. அதன் தலைப்பு ‘மத்திய நரம்பு மண்டலத்தின் மையலின் சிதைவு நோயில் ஏற்படும் திடீர்க் குறுக்குத் தண்டுவட அழற்சி’ என்று நீண்டு கிடந்தாலும், வேறு விவரம் ஏதும் இல்லாமல் நோயின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தாலும் அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று அதன் கீழே குறிப்பு இருக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் மையலின் சிதையும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றால் ஜி35க்கும், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்றால் ஜி36.0க்கும் போய்விட வேண்டும் என்ற விலக்கும் அங்கேயே இருக்கிறது. தொற்றையொட்டிய மூளை, தண்டுவட அழற்சிகள் ஜி04, ஜி05 ஆகிய வேறு பிரிவுகளில் இருக்கின்றன. நோயின் உடற்கூறு ஒன்றாக இருந்தும், காரணம் என்னவென்று எழுதப்படுகிறதோ அதைப் பொறுத்து அத்தியாயத்தின் இரு முனைகளுக்கு அது சிதறிவிடும்.

இந்தச் சிதறலைவிட எனக்கு அதிகம் கவலை தருவது ‘மைலோபதி’. தண்டுவடத்தில் ஏதோ ஒரு கோளாறு என்பதைத் தவிர அந்தச் சொல்லில் வேறு செய்தி இல்லை. எம்ஆர்ஐ எடுத்த அன்று, காரணம் தெரியாத நிலையில், ஓர் இளம் மருத்துவர் அவ்வாறு எழுதுவது முறையானதே. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் நாளன்று தரும் சுருக்க அறிக்கையிலும் அதே சொல் மாறாமல் நின்றால், பட்டியலின் அகரவரிசை என்னை ஜி95.9க்கு, அதாவது ‘தண்டுவட நோய், குறிப்பிடப்படாதது’ என்ற பொதுப் பெட்டிக்கு அழைத்துச் செல்லும். ஐந்து நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றியிருப்பார்கள், முதுகில் ஊசியிட்டு எடுத்த நீரில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும், எம்ஆர்ஐ படத்தில், அழற்சியைத் துலக்கிக் காட்ட ஏற்றும் காடோலினியம் மருந்து பளிச்சென்று ஏறியிருக்கும். இவை எல்லாவற்றையும் என் கண்ணால் படித்த பிறகும் நான் ஜி37.3 என்று எழுத முடியாது. பரிசோதனை முடிவைப் பார்த்து நோய்க்குப் பெயரிடுவது மருத்துவரின் வேலை. அவர் பெயரிட்டதைப் பதிவதே குறியீட்டாளரின் வேலை. ஆஸ்திரேலியக் குறியீட்டு விதிமுறைகள் இந்தக் கோட்டை மிகக் கண்டிப்பாகப் போட்டிருக்கின்றன. எரிச்சல் தரும் நேரங்களிலும் அந்தக் கோடு சரியானது என்றே நான் கருதுகிறேன். படத்தைப் பார்த்து நோயை ஊகிக்கும் எழுத்தர் ஒருவர் நாளைக்கு என் கோப்பிலும் ஊகிப்பார் அல்லவா?

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? மருத்துவருக்கு வினாக்குறிப்பு அனுப்பலாம். அதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. ‘இது குறுக்குத் தண்டுவட அழற்சிதானே?’ என்று கேட்கக்கூடாது. அது விடையை வாயில் ஊட்டும் கேள்வி. ‘மூன்றாம் நாள் எம்ஆர்ஐ அறிக்கை இவ்வாறு சொல்கிறது, தண்டுவட நீர்ப் பரிசோதனை இவ்வாறு சொல்கிறது, ஸ்டீராய்டு சிகிச்சை தரப்பட்டுள்ளது, மைலோபதி என்பதன் காரணத்தை உங்கள் மருத்துவக் கணிப்பின்படி மேலும் விவரிக்க இயலுமா?’ என்று கேட்க வேண்டும். இயலவில்லை என்பதும் ஒரு விடைதான். கேட்கப்படும் மருத்துவர் அதற்குள் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார் என்பது இந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். பயிற்சி மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். என் வினாக்குறிப்பும் அவர்களைத் தேடி வளாகம் வளாகமாகச் சுற்றி வரும்.

கோப்பில் நான் முதலில் தேடுவது நோயின் பெயரை அல்ல, நேரத்தை. அறிகுறி தொடங்கியதிலிருந்து மிக மோசமான நிலையை எட்ட எவ்வளவு நேரமானது என்பதே இந்த நோயைப் பிற தண்டுவட நோய்களிலிருந்து பிரிக்கும் முக்கியமான அளவுகோல்களில் ஒன்று. 2002இல் ஒரு பன்னாட்டு மருத்துவர் குழு வெளியிட்ட வரையறையின்படி, அது 4 மணி நேரத்துக்கும் 21 நாள்களுக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும்; இரு பக்கமும் பாதிப்பு தெரிய வேண்டும்; உணர்வு மங்கும் மட்டம் தெளிவாக இருக்க வேண்டும்; தண்டுவடத்தை வெளியிலிருந்து எதுவும் நசுக்கவில்லை என்று படம் காட்ட வேண்டும்; தண்டுவட நீரோ காடோலினியம் படமோ அழற்சிக்குச் சான்று தர வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டதென்றால் இரத்த ஓட்டம் நின்று தண்டுவடம் செத்திருக்கலாம் என்ற ஐயம் எழும், அது ஜி95.1. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்ததென்றால் கட்டியோ, தேய்ந்த கழுத்தெலும்பின் அழுத்தமோ, வேறு நோயோ என்று தேட வேண்டும். ஆக, ‘சில நாள்களாகக் கால் பலவீனம்’ என்ற ஒற்றை வரியில் மூன்று நோய்களுக்கும் இடம் இருக்கிறது.

என் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கு இந்த நோய் வந்தபோது நேரத்தின் அருமையை வீட்டிலேயே பார்த்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். அவசரசிகிச்சைப் பிரிவில் கேட்டபோது, காற்பந்து விளையாடியதில் வந்த பழைய முழங்கால் வலியையும் சேர்த்து, ‘ஒரு மாதத்துக்கு மேலாகவே கால் சரியில்லை’ என்று சொல்லியிருக்கிறான். அது அப்படியே பதிவாகிவிட்டது. மறுநாள் நரம்பியல் மருத்துவர் வந்து கேட்டபோது அண்ணிதான் திருத்தினார். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை அவன் பால்குடம் சுமந்து வெறுங்காலுடன் நடந்தான், கால் அன்று நன்றாகவே இருந்தது, அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில்தான் பாதம் மரத்தது, வியாழக்கிழமை எழுந்து நிற்க முடியவில்லை என்று நாள் நாளாகச் சொன்னார். மருத்துவர் அதை அவ்வாறே, நாள் குறித்து, எழுதிக்கொண்டார். நம் குடும்பங்களில் தேதி நினைவிருக்காது. தீபாவளிக்கு முந்தைய நாள், தாத்தா திதிக்கு மறுநாள் என்றுதான் நினைவிருக்கும். அவற்றைத் தயங்காமல் அப்படியே சொல்லலாம். நாட்காட்டியைப் பார்த்துத் தேதியாக மாற்றுவது யாருக்கும் எளிது.

நேரத்துக்கு அடுத்தபடி மட்டம். தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை என்றால் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாம் மட்டம், மார்புக் காம்புக்குக் கீழே என்றால் நான்காம் மட்டம் என்று மருத்துவர்கள் குறிப்பார்கள். படத்தில் பாதிப்பு எத்தனை முள்ளெலும்பு நீளத்துக்கு இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் அது ‘நீளமான’ வகை. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவை நினைத்தாக வேண்டும். குறியீட்டில் இந்த நீளத்துக்கு இடமே இல்லை. இருந்தும், அதை எழுதி வைத்த கோப்பில்தான் அடுத்த மருத்துவருக்குச் சரியான ஐயம் எழும்.

இங்கே நான் அதிகம் நின்று சொல்ல வேண்டியது இரத்தப் பரிசோதனை முடிவு வந்து சேரும் நாளைப் பற்றி. ஏக்யூபி4 என்ற நீர்வழிப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவோடு தொடர்புடையது என்பது 2004இல்தான் தெரியவந்தது. அதன் அடிப்படையில் 2015இல் நோயின் வரையறை மாற்றி எழுதப்பட்டது. எம்ஓஜி என்னும் மையலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளால் வரும் நோய்க்கான பன்னாட்டு வரையறை 2023இல் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ‘காரணம் தெரியாத குறுக்குத் தண்டுவட அழற்சி’ என்று ஒரே பெயரில் கிடந்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் இன்று இந்த இரண்டு பெயர்களுக்கும் பிரிந்து போகிறார்கள். ஆசியர்களிடையே மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸுடன் ஒப்பிடும்போது நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவின் பங்கு மேற்கத்திய நாடுகளைவிட அதிகம் என்பதால், இங்கு இந்தப் பரிசோதனையைத் தவறாமல் அனுப்புகிறார்கள்.

ஆனால் முடிவு வருவதற்குள் நோயாளி பெரும்பாலும் வீட்டுக்கோ மறுவாழ்வு மருத்துவமனைக்கோ போயிருப்பார். சுருக்க அறிக்கையில் ‘ஏக்யூபி4, எம்ஓஜி: முடிவு நிலுவையில்’ என்று ஒரு வரி இருக்கும். குறியீட்டுக்கென்று காலக்கெடு உண்டு. கோப்பை என்றென்றும் திறந்து வைத்திருக்க முடியாது. முதன்மை நோய் என்பது, சேர்க்கப்பட்ட அன்று நினைத்தது அல்ல, ஆராய்ந்த பிறகு அந்தச் சேர்க்கைக்குத் தலையாய காரணம் என்று நிறுவப்பட்டது என விதி சொல்கிறது. ஆராய்ச்சி முடியும் முன்பே கணக்கு மூடப்படும் நோய் இது. கோப்பு மூடப்படும் முன் முடிவு வந்து, மருத்துவர் கூடுதல் குறிப்பு எழுதினால் குறியீடு மாறும். பிறகு வந்தால், வெளிநோயாளிப் பிரிவின் கடிதத்தில் மட்டும் புதிய பெயர் இருக்கும்; மருத்துவமனைச் சேர்க்கையின் பதிவில் பழைய பெயரே நிலைக்கும். இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் குடும்பத்தாருக்கு யாரோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். அண்ணியும் அப்படித்தான் கேட்டார்: “இதில் மைலோபதி என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக் குறுக்குத் தண்டுவட அழற்சி என்று இருக்கிறது, அதில் எம்ஓஜி என்று இருக்கிறது. எதைத்தான் நம்புவது?” இரண்டுமே அந்தந்த நாளில் உண்மை என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பழைய பெயர் கோப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது வெறும் அலுவலகச் சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நாட்டலிசுமாப் போன்ற மருந்துகள் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவை மோசமாக்கக்கூடும். ஏக்யூபி4 வகை நோய் மீண்டும் மீண்டும் தாக்கும் இயல்புடையது; ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சம் பார்வையையோ கொஞ்சம் நடையையோ எடுத்துக்கொண்டுதான் போகும். அவசரசிகிச்சைப் பிரிவில் நள்ளிரவில் கணினியைத் திறக்கும் மருத்துவர், மின்னிலக்கப் பதிவின் நோய்ப் பட்டியலில் ஜி35 என்று பார்த்தால் ஒரு திசையிலும் ஜி36.0 என்று பார்த்தால் இன்னொரு திசையிலும் யோசிப்பார். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவுமுறை 2011இல் தொடங்கியதிலிருந்து ஒரு மருத்துவமனையில் எழுதியது மற்றொன்றில் தெரிகிறது. நல்லதும் அப்படியே போகும், பிழையும் அப்படியே போகும்.

காரணத்தைப் பற்றி இன்னொன்று. ‘தடுப்பூசிக்குப் பிறகு’ என்று எழுதுவதும் ‘தடுப்பூசியால்’ என்று எழுதுவதும் எனக்கு முற்றிலும் வேறு வேறு. முதலாவது காலவரிசை, குறியீட்டில் அதற்கு எந்த விளைவும் இல்லை. இரண்டாவது மருத்துவரின் தீர்ப்பு; அதை எழுதினால் கோவிட்-19 தடுப்பூசியின் பாதகமான விளைவுக்குரிய குறியீடும் கூடவே சேரும். ஒரு கோவிட் தடுப்பூசிச் சோதனை 2020 செப்டம்பரில் பங்கேற்பாளர் ஒருவருக்குத் தண்டுவட அழற்சி ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தால் சிறிது காலம் நிறுத்தப்பட்டதையும், 2022 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து அமைப்பின் பாதுகாப்புக் குழு இரண்டு தடுப்பூசிகளின் விவரத் தாள்களில் இந்த நோயை அரிய பக்கவிளைவாகச் சேர்க்கப் பரிந்துரைத்ததையும் பலர் படித்திருப்பார்கள். அதற்காக, தடுப்பூசி போட்ட மாதத்தில் வந்த எல்லாத் தண்டுவட அழற்சியையும் குறியீட்டாளர் தடுப்பூசியோடு முடிச்சுப் போட்டுவிட முடியாது. மருத்துவர் முடிச்சுப் போட்டிருந்தால் அவிழ்க்கவும் முடியாது. டெங்குக்கும் வேறு தொற்றுகளுக்கும் இதே விதிதான்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேடுபொறி முதலில் காட்டுவது பெரும்பாலும் அமெரிக்க வடிவத்தின் குறியீடுகளை. எம்ஓஜி எதிர்ப்பொருள் நோய்க்கு ஜி37.81 என்று 2023 அக்டோபர் முதல் அங்கே தனிக் குறியீடு இருக்கிறது. தண்டுவட அழற்சிக்கு ஜி04.89, ஜி04.91 என்ற உட்பிரிவுகளும் அங்கே உண்டு. அண்ணன் அவற்றை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ‘ஏன் இதைப் போடவில்லை?’ என்று மருத்துவமனை முகப்பில் கேட்கத் தயாராக இருந்தார். நமக்குரிய நூல் வேறு என்பதை அறிந்த பிறகே அந்தப் பயணத்தைக் கைவிட்டார். உலக சுகாதார மன்றம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் குறுக்குத் தண்டுவட அழற்சிக்கு 8ஏ41.0 என்ற இடமும், நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவுக்கு 8ஏ43இன் கீழ் எதிர்ப்பொருளைச் சுட்டும் உட்பிரிவும் இருக்கின்றன.

அமெரிக்க வடிவத்தைப் பற்றிப் பேசும்போது அங்கு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2014 இலையுதிர் காலத்தில் அங்கே குழந்தைகள் சிலருக்குச் சளிக் காய்ச்சலைத் தொடர்ந்து கையோ காலோ திடீரென்று துவண்டது. தண்டுவடத்தின் சாம்பல் பகுதியில் அழற்சி. அக்யூட் ஃபிளாசிட் மைலைட்டிஸ் என்று பெயரிட்டார்கள். 2014இல் 120, 2016இல் 153, 2018இல் 238 என இரண்டாண்டுக்கு ஒருமுறை உறுதிசெய்யப்பட்ட எண்ணிக்கை ஏறியது. அதற்கென்று தனிக் குறியீடான ஜி04.82 நடைமுறைக்கு வந்தது 2021 அக்டோபரில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் மருத்துவர்கள் தனித்தனியாக அறிக்கை அனுப்பியதை வைத்தே எண்ண வேண்டியிருந்தது. மருத்துவமனைக் குறியீடுகளைத் திரட்டி அந்தக் குழந்தைகளை மட்டும் பிரித்தெடுக்க வழியே இல்லை, ஏனெனில் அவர்கள் பல பொதுப் பெட்டிகளில் கலந்து கிடந்தார்கள். குறியீட்டை வெறும் கட்டண வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வது.

பணத்துக்கும் குறியீட்டுக்கும் தொடர்பில்லாமல் இல்லை. 1999 முதல் அரசாங்க மருத்துவமனைகளுக்கான மானியத்தைக் கணக்கிட, ஒத்த சேர்க்கைகளை ஒன்றாகத் தொகுக்கும் நோய்த்தொகுதி முறை பயன்பட்டு வந்திருக்கிறது. முதன்மை நோயும் கூடுதல் நோய்களும் சேர்ந்தே ஒரு சேர்க்கை எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டுகின்றன. நோயாளியின் கட்டணம் அந்தத் தொகுதியின்படி போடப்படுவதில்லை. வார்டு வகுப்பு, தங்கிய நாள், செய்த சிகிச்சை ஆகியவற்றைப் பொறுத்துப் போடப்பட்டு, மெடிஷீல்டு லைஃப் என்ற தேசியக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு ஆகியவற்றுக்கான கோரிக்கைகளை மருத்துவமனையே மின்வழி அனுப்பிவிடும். குடும்பங்கள் குழம்புவது தனியார் கடுநோய்க் காப்புறுதியில்தான். சிங்கப்பூர் ஆயுள் காப்புறுதிச் சங்கத்தின் பொது வரையறை பெற்ற 37 கடுநோய்களில் குறுக்குத் தண்டுவட அழற்சி தனிப் பெயராக இல்லை. கை கால் செயலிழப்புக்கான வரையறையின் வழியே உள்ளே நுழையலாம்: குறைந்தது இரண்டு கை கால்கள் முழுவதுமாக, மீள முடியாதபடி, ஆறு வாரத்துக்குக் குறையாமல் செயலிழந்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு ஓரளவாவது அசைவு திரும்பிவிடும் நோயில் இது எளிதில் நிறைவேறாது. நிறைவேறாமல் போவதே நல்லது என்று அண்ணன் சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன். நீண்டகாலப் பராமரிப்புக்கான கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதித் திட்டமோ நோயின் பெயரைக் கேட்பதே இல்லை. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியவில்லையா என்று மட்டுமே பார்க்கிறது. முப்பது வயதாகாத அவனுக்கு அதுவும் பொருந்தவில்லை.

ஆகவே நோயின் பெயரோடு, அது உடலில் விட்டுச்சென்றது என்ன என்பதும் எழுதப்பட வேண்டும். இதில்தான் கோப்புகள் மிகவும் மெலிந்து போகின்றன. கால் செயலிழப்புக்கு ஜி82 என்ற பிரிவு இருக்கிறது. துவண்டதா, விறைத்ததா என்று அது கேட்கும். ஆஸ்திரேலிய வடிவம் முழுமையானதா பகுதியா, புதியதா நாட்பட்டதா என்றும் கேட்கும். தண்டுவட அதிர்ச்சியில் முதலில் துவண்டு கிடக்கும் கால்களே சில வாரங்களில் விறைக்கத் தொடங்கும் என்பதால், எந்த நாளைய நிலையை எழுதுகிறார்கள் என்பது பெரிய வேறுபாடு. கணினிப் பதிவில் நேற்றைய குறிப்பை இன்றைக்கு நகலெடுத்து ஒட்டும் பழக்கம் இங்கே விளையாடும்: மருத்துவர் குறிப்பில் பத்தாம் நாளும் ‘கால் வலு பூஜ்யம்’ என்றிருக்கும், இயன்முறை மருத்துவர் அதே நாளில் ‘சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மீட்டர் நடந்தார்’ என்று எழுதியிருப்பார். சிறுநீர்ப்பை இன்னும் மோசம். தாதியர் குறிப்பில் குழாய் செருகியதும் அளவும் மணிவாரியாக இருக்கும். மருத்துவரின் நோய்ப் பட்டியலில் அது பற்றி ஒரு சொல்கூட இருக்காது. ‘சிறுநீர் தேக்கம்’ என்று மட்டும் எழுதினால் அது அறிகுறியாகக் கருதப்பட்டு ஆர்33க்குப் போகும். ‘தண்டுவடப் பாதிப்பால் சிறுநீர்ப்பைச் செயலிழப்பு’ என்று எழுதினால் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் அதை ஜி95.8இல், தண்டுவட நோய்களோடு வைக்கிறது. முதலாவது கோப்பை விட்டு விரைவில் மறைந்துவிடும். இரண்டாவது, தானே குழாய் செருகிச் சிறுநீர் வெளியேற்றப் பழகும் ஒருவருக்குப் பல ஆண்டுகள் துணைக்கு வரும்.

ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரை, படுக்கைப் புண், மருந்து கொடுத்தும் அடங்காததால் செய்த பிளாஸ்மா மாற்றம் ஆகியவையும் மருத்துவர் எழுதினால்தான் உண்டு.

பின்விளைவுக் குறியீட்டில் நூலுக்குள்ளேயே ஒரு கோணல் இருக்கிறது. மத்திய நரம்பு மண்டல அழற்சி நோய்களின் பின்விளைவுக்கு ஜி09 என்று ஓரிடம் உண்டு. ஆனால் அது ஜி00 முதல் ஜி08 வரை உள்ள நோய்களுக்கு மட்டும். ஒருவருடைய நோய் ஜி04இல் பதிவாகியிருந்தால், பத்து ஆண்டுகள் கழித்து அவர் காலின் விறைப்புக்காகச் சேரும்போது ஜி82உடன் ஜி09ஐச் சேர்த்து, இது அந்தப் பழைய அழற்சி விட்டுச்சென்றது என்று காட்டலாம். அதே நோய் ஜி37.3இல் பதிவாகியிருந்தால் அந்த வழி இல்லை. ஐசிடியின் மற்றப் பகுதிகளில் இத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று நான் அவ்வப்போது வியப்பதுண்டு. அந்த இடைவெளியை நிரப்ப மருத்துவரின் வாக்கியம் ஒன்றுதான் இருக்கிறது: ‘இன்ன ஆண்டில் ஏற்பட்ட தண்டுவட அழற்சியால் எஞ்சியுள்ள இரு கால் விறைப்பு’ என்று எழுதிவிட்டால், குறியீட்டில் இல்லாவிட்டாலும் கோப்பில் தொடர்பு அறுந்துபோகாது. ‘முன்பு தண்டுவட அழற்சி இருந்தது’ என்று இறந்தகாலத்தில் முடித்துவிட்டால், இன்றைக்கும் குச்சி ஊன்றி நடக்கும் ஒருவர் குணமாகிவிட்டவர்போல் ஆகிவிடுவார்.

அண்ணன் மகனுக்குத் தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனை வரவிருந்ததால் காகிதங்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. மருத்துவமனையிடம் குறியீட்டை மாற்றச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை, சிறப்பு மருத்துவரிடம் ஒரு மருத்துவ அறிக்கை கேட்டு விண்ணப்பிப்பதே வழி என்று அண்ணியிடம் சொன்னேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்: தொடங்கிய நாளும் உச்சத்தை எட்டிய நாளும், உணர்வு மங்கிய மட்டம், எம்ஆர்ஐ காட்டிய இடமும் நீளமும், தண்டுவட நீர் முடிவு, எதிர்ப்பொருள் முடிவும் அது வந்த தேதியும், இறுதி நோய்ப் பெயர், முந்தைய சேர்க்கையில் எழுதிய பெயரை இது மாற்றுகிறது என்ற தெளிவான ஒரு வரி, இப்போது எஞ்சியிருக்கும் குறைபாடு. மருத்துவர் பெரும்பாலானவற்றை எழுதித் தந்தார். சிறுநீர்ப்பையைப் பற்றி மட்டும் விட்டிருந்தார். அடுத்த சந்திப்பில் அவனே வாய் திறந்து கேட்டு, அதையும் சேர்த்து வாங்கி வந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வயதில் ஒரு பையன் அதைப் பற்றிப் பேசக் கூசுவான் என்பது எனக்கு முன்பே தோன்றியிருந்தது. அன்று அண்ணி வெளியே காத்திருந்தாராம்.